நிறுவனம் குற்றம் செய்தால் சட்டம் யாருடைய மனத்தைத் தேடுகிறது?

ஒரு பெரிய நிறுவனம் பல ஆண்டுகள் மோசடி செய்தது வெளிப்பட்ட பிறகும் அபராதத்தைக் கட்டிவிட்டு வழக்கம்போல் இயங்குகிறது. அதை நடத்தியவர்களில் ஒருவரும் சிறைக்குப் போவதில்லை. பூட்டை உடைத்துத் திருடியவனோ சில மாதங்களில் தண்டனை பெற்றுவிடுகிறான். இதைச் சுட்டிக்காட்டி நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: வெள்ளைக்காலர் குற்றங்களுக்கு, அதாவது மதிப்பான பதவியில் இருப்பவர்கள் தங்கள் தொழிலின் ஊடாகச் செய்யும் குற்றங்களுக்கு, சட்டத்திலேயே தண்டனை குறைவா? ஒரு நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியுமா? ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி ஓர் இயக்குநர் தப்பிவிட முடியுமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஏட்டில் உள்ள தண்டனைகள் குறைவானவை அல்ல. பல நாடுகளில் அவை மிகக் கடுமையானவை. சிக்கல் தண்டனைப் பிரிவில் இல்லை, நிரூபிப்பதில் இருக்கிறது. குற்றவியல் சட்டம் ஒரு செயலையும் அந்தச் செயலுக்குப் பின்னால் இருந்த மனத்தையும் ஒருசேரக் கேட்கிறது. தனி மனிதன் திருடும்போது செய்த கையும் எண்ணிய மனமும் ஓர் உடலிலேயே இருக்கின்றன. நிறுவனத்திலோ செய்பவர் ஒருவர், அதனால் ஆதாயம் அடைபவர் இன்னொருவர், கையெழுத்திட்டவர் மூன்றாமவர், முழுவதையும் அறிந்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாத நிலை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் போராடி வருகிறது.

அதற்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கணக்காளர் தன் நிறுவனத்தின் பணத்தைக் கையாடினால் அது வெள்ளைக்காலர் குற்றம். அங்கே நிறுவனம் பாதிக்கப்பட்ட தரப்பு. அதே கணக்காளர் நிறுவனத்தின் லாபத்தைப் பெருக்கிக் காட்டுவதற்காகப் பொய்க்கணக்கு எழுதினால், நிறுவனமே குற்றத்தின் கருவியாகவும் பயனாளியாகவும் ஆகிவிடுகிறது. இதைத்தான் நிறுவனக் குற்றம் என்கிறோம். முதல் வகையில் சட்டத்துக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை, ஏனென்றால் நிறுவனமே புகார் கொடுக்கிறது, ஆவணங்களை ஒப்படைக்கிறது, சாட்சிகளை அனுப்புகிறது. இரண்டாவது வகையில் ஆவணங்களும் சாட்சிகளும் வழக்கறிஞர்களும் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் இருக்கின்றன. உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

வெள்ளைக்காலர் குற்றம் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லண்ட். குற்றம் என்பது வறுமையிலிருந்து பிறப்பது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 1939-இல் அவர் அந்தக் கருத்தை மறுத்துப் பேசினார். மதிப்பும் உயர்ந்த சமூக நிலையும் உடையவர்கள் தங்கள் தொழிலின் ஊடாகவே குற்றம் செய்கிறார்கள், அவை வேறு மன்றங்களில் வேறு பெயர்களில் விசாரிக்கப்படுவதால்தான் குற்றக் கணக்கில் வருவதில்லை என்பது அவருடைய வாதம். பிறகு 70 பெரிய அமெரிக்க நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் வழங்கிய 980 தீர்ப்புகளையும் ஆணைகளையும் தொகுத்தார். 1949-இல் அந்த ஆய்வு நூலாக வந்தபோது, அவதூறு வழக்கு வரும் என்று அஞ்சிய பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் செய்தது. பெயர்களோடு கூடிய முழுப் பதிப்பு 1983-இல்தான் வெளிவந்தது. அதற்குள் அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டிருந்தது. குற்றம் செய்தவர்களின் பெயரைச் சொல்வதற்கே இத்தனை காலம் பிடித்தது என்பதை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது வழக்கம்.

இனி இரண்டாவது கேள்வி. நிறுவனத்துக்கு உடல் இல்லை, மனமும் இல்லை. ஆகவே அது குற்றம் செய்ய முடியாது என்பதே பழைய சட்டத்தின் நிலைப்பாடாக இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1909-இல் ஒரு ரயில்வே நிறுவனத்தின் வழக்கில் இதை உறுதியாகக் கைவிட்டது. சர்க்கரையை ஏற்றி அனுப்பிய வணிகர்களுக்கு அந்த ரயில்வே சட்டத்துக்கு மாறாகக் கட்டணத் தள்ளுபடி அளித்திருந்தது. ஊழியர் தம் பணியின் எல்லைக்குள், நிறுவனத்தின் நன்மைக்காகச் செய்த செயலுக்கு நிறுவனம் குற்றவியல் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த விதிப்படி மிகக் கீழ்நிலை ஊழியரின் குற்றமும் நிறுவனத்தின் குற்றமாகிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுப்பது சட்டரீதியில் எளிது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே நிறுவனத்தின் மனம் என்பது அதை இயக்கும் உச்சநிலை நபர்களின் மனமே என்ற கோட்பாடு வளர்ந்தது. அதன் விளைவை டெஸ்கோ என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்டு 1971-இல் முடிவான வழக்கில் காணலாம். சலவைத்தூளுக்கு விலை குறைப்பு என்று கடையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். குறைந்த விலைப் பொட்டலங்கள் தீர்ந்த பிறகும் அந்த அறிவிப்பு அகற்றப்படவில்லை. வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரு ஷில்லிங் கூடுதலாக வாங்கினார்கள். தவறியவர் அந்தக் கிளையின் மேலாளர். நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட நிறுவனத்தில் ஒரு கிளை மேலாளர் நிறுவனத்தின் மனம் ஆக மாட்டார், அவர் ‘வேறொரு நபர்’ என்று அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது, நிறுவனம் விடுதலையானது. வழக்கின் பொருள் அற்பமானது. அதிலிருந்து பிறந்த விதியோ அற்பமானதன்று. பெரிய நிறுவனத்தில் தலைமைக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் இடையே படிகள் அதிகம். படிகள் அதிகமாக ஆகத் தலைமையின் மனத்தைக் குற்றத்தோடு இணைப்பது கடினமாகிறது. உரிமையாளரே கல்லாவில் அமர்ந்திருக்கும் சிறு நிறுவனத்தை எளிதில் தண்டிக்கலாம்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 1987 மார்ச் மாதம் பெல்ஜியத்தின் ஜீப்ருக துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல், முன்கதவுகள் திறந்த நிலையிலேயே கடலுக்குள் சென்று கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய பணியாளர் உறங்கிக்கொண்டிருந்தார் என்பது நேரடிக் காரணம். ஆனால் கதவு மூடியிருக்கிறதா என்று மேல்தளத்தில் இருப்பவருக்குக் காட்டும் விளக்கைப் பொருத்துமாறு கப்பல் தலைவர்கள் முன்பே கேட்டிருந்தும் நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. மேலிருந்து கீழ்வரை நிறுவனம் முழுவதையும் அலட்சியம் என்னும் நோய் பீடித்திருந்தது என்று விசாரணை ஆணையமே எழுதியது. ஆயினும் 1990-இல் நடந்த வழக்கு இடையிலேயே சரிந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தைத் தன் ஒரு மனத்தில் தாங்கிய உயர் அதிகாரி ஒருவரைக் கூட அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. எல்லோரிடமும் சிறிது சிறிதாகப் பரவிக் கிடந்த அலட்சியத்தைக் கூட்டி ஒரு குற்றமாக ஆக்குவதற்குச் சட்டத்தில் வழி இல்லை. இந்தக் குறையைப் போக்க பிரிட்டன் 2007-இல் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி ஒரு நபரைத் தேட வேண்டியதில்லை. மூத்த நிர்வாகம் பணிகளை ஒழுங்கமைத்த முறையே கடும் கடமை மீறலா என்று பார்த்தால் போதும். ஆனால் அந்தச் சட்டத்தில் 2011-இல் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டது ஒரு மிகச் சிறிய மண் ஆய்வு நிறுவனம்தான்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் 1994-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில்தான் நிறுவனங்களுக்குக் குற்றப்பொறுப்பை ஏற்றியது. ஜெர்மனியில் நிறுவனத்தின் மீது குற்ற வழக்கே தொடுக்க முடியாது. நிர்வாகச் சட்டத்தின்படி அபராதம் மட்டும் விதிக்கலாம். டீசல் புகை அளவீட்டில் மோசடி செய்த ஃபோக்ஸ்வாகன் 2018-இல் அங்கே 100 கோடி யூரோ கட்டியது இந்த வழியில்தான். அதே நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 280 கோடி டாலர் குற்ற அபராதம் செலுத்தியிருந்தது. இந்தியாவில், சிறைத்தண்டனை கட்டாயம் என்று சொல்லும் பிரிவின் கீழ் நிறுவனத்தின் மீது வழக்கே போட முடியாது, அதை எப்படிச் சிறையில் அடைப்பது என்று வாதிடப்பட்டது. 2005-இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த வாதத்தை நிராகரித்து, சிறை இயலாவிட்டால் அபராதம் விதிக்கலாம் என்றது. மாற்றித் தீர்ப்பு வந்திருந்தால், குற்றம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு உறுதியாக நிறுவனம் தப்பியிருக்கும்.

அப்படியானால் நிறுவனத்தை எளிதில் கூண்டில் ஏற்றக்கூடிய அமெரிக்காவில் ஏன் பெரும்பாலான வழக்குகள் ஒப்பந்தத்தில் முடிகின்றன? இதற்கு ஆர்தர் ஆண்டர்சனின் வரலாற்றை அறிய வேண்டும். பொய்க்கணக்கு அம்பலமாகி வீழ்ந்த என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் தணிக்கையாளர்களான அவர்கள், விசாரணை வரும் என்று தெரிந்த நேரத்தில் ஆவணங்களை அழித்ததற்காக 2002-இல் தண்டிக்கப்பட்டார்கள். தண்டிக்கப்பட்ட தணிக்கை நிறுவனத்தால் பங்குச்சந்தை நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்ய முடியாது என்பதால் தொழில் முடிந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் சிதறியது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு என்ரான் விவகாரத்தோடு ஒரு தொடர்பும் இல்லை. ஜூரிகளுக்குத் தரப்பட்ட விளக்கம் தவறு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் அப்போது மீட்பதற்கு நிறுவனம் இல்லை.

அந்த அச்சம் அரசு வழக்கறிஞர்களை ஒத்திவைப்பு ஒப்பந்தத்தின் பக்கம் தள்ளியது. குற்றச்சாட்டைப் பதிவு செய்து நிறுத்திவைப்பார்கள். நிறுவனம் உண்மைகளை ஒப்புக்கொண்டு, பணம் கட்டி, நடைமுறைகளைத் திருத்திக்கொண்டால் சில ஆண்டுகளில் வழக்கு தள்ளுபடியாகும். மெக்சிகோ போதைப்பொருள் கும்பல்களின் பணம் தன் வழியாகப் பாய்ந்ததைத் தடுக்கத் தவறிய எச்எஸ்பிசி வங்கி, 2012-இல் சுமார் 190 கோடி டாலர் கட்டி இவ்வாறு முடித்துக்கொண்டது; இந்த விவகாரத்தில் அதன் அதிகாரிகளில் ஒருவர் மீதும் அமெரிக்கா குற்ற வழக்குத் தொடுக்கவில்லை. சில வங்கிகளின் பருமனே அவற்றின் மீது வழக்குத் தொடுப்பதைக் கடினமாக்குகிறது என்று மறு ஆண்டு அந்நாட்டின் அரசுத் தலைமை வழக்கறிஞர் எரிக் ஹோல்டர் செனட் சபையிலேயே ஒப்புக்கொண்டார். இந்த ஒப்பந்தங்களை முற்றிலும் தீமை என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே நடந்தது வெளியே வருவதற்கு அவை வழி செய்திருக்கின்றன. ஆனால் அபராதத்தைக் கட்டுவது யார் என்று கேளுங்கள். குற்றம் நடந்த காலத்தில் ஊக்கத்தொகை பெற்று விலகிப்போன அதிகாரி ஒரு காசும் தருவதில்லை. இன்றைய பங்குதாரர்கள்தான் தருகிறார்கள், அவர்களில் ஓய்வூதிய நிதியில் சேமித்த ஊழியர்களும் உண்டு. அதிகாரிகளைத் தொடாத நிறுவன ஒப்பந்தத்தை நீதி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அதிகாரிகளைத் தொட முயலும்போது என்ன நேர்கிறது என்பதற்கு போயிங் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்த பின், ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றச் சதி செய்ததாக நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டு வந்தது. 2021-இல் 250 கோடி டாலருக்கு ஒத்திவைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதில் குற்ற அபராதம் என்று இருந்தது சுமார் 24 கோடி மட்டுமே. தனி நபராக வழக்கைச் சந்தித்தவர் ஒரே ஒருவர், முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப விமானி. நிறுவனம் தன்னைப் பலிகடா ஆக்குகிறது என்பது அவர் தரப்பு வாதம். 2022-இல் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். சாட்சியம் கிடைத்த இடத்தில் பொறுப்பு சிறியது, பொறுப்பு பெரியதாக இருந்த இடத்தில் சாட்சியம் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் மீண்டும் மீண்டும் காணும் காட்சி இதுதான்.

இதற்கு மாறாகத் தண்டனை கடுமையாக விழுந்த வழக்குகளும் உண்டு. முதலீட்டாளர்களின் பணத்தைப் பொய்க்கணக்குக் காட்டி ஏமாற்றிய அமெரிக்க நிதி நிர்வாகி பெர்னார்ட் மேடாஃபுக்கு 2009-இல் 150 ஆண்டுகள். என்ரானின் முன்னாள் தலைமை நிர்வாகி ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்கு 24 ஆண்டுகள், அது பின்னர் 14 ஆகக் குறைந்தது. சத்யம் என்ற இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவராக இருந்த ராமலிங்க ராஜுவுக்கு 2015-இல் விசாரணை நீதிமன்றம் 7 ஆண்டுகள் விதித்தது. இந்த மூன்றிலும் பொதுவானது என்ன? மோசடி உச்சியிலிருந்தே நடந்தது. உள்ளிருந்து ஒருவர் பேசினார்: மேடாஃபும் ராஜுவும் தாங்களே ஒப்புக்கொண்டார்கள், ஸ்கில்லிங்குக்கு எதிராக அவருடைய நிதித் தலைவரே குற்றத்தை ஏற்றுச் சாட்சி சொன்னார். இன்னொரு பொதுக்கூறும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு விருப்பமில்லை. மூன்றிலும் இழந்தவர்கள் முதலீட்டாளர்கள். போபாலில் 1984-இல் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ஆலையிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஆயிரக்கணக்கானோர் இறந்த வழக்கில், குற்றச்சாட்டை அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற சிறிய பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 1996-இல் குறைத்துவிட்டது. 2010-இல் அந்நிறுவனத்தின் இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது அந்தப் பிரிவின் உச்ச அளவான இரண்டு ஆண்டுகள். பணத்தைப் பறித்தவனின் மனத்தைச் சட்டம் கண்டுபிடித்துவிடுகிறது, ஏனெனில் பொய்க்கணக்கு எழுதுவதற்கு எண்ணம் வேண்டும். பாதுகாப்புச் செலவைக் குறைத்தவனின் மனத்தில் யாரையும் கொல்லும் எண்ணம் இருப்பதில்லை. அவன் ஒரு செலவுத் தாளில்தான் கையெழுத்திட்டான். விளைவு பெரிதாக இருந்தும் குற்றம் சிறிதாகிவிடுவது இதனால்தான். சட்டம் இதை இயற்கை என்று ஏற்றுக்கொள்வதை நான் தவறு என்றே கருதுகிறேன்.

மனத்தைத் தேடிச் சலித்த பிறகு, சட்டம் தன் கேள்வியையே மாற்றத் தொடங்கியிருக்கிறது. இதுவே அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம். பிரிட்டனின் 2010 லஞ்சத் தடைச் சட்டம், தன் சார்பில் செயல்படுபவர் லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கத் தவறுவதையே நிறுவனத்தின் தனிக் குற்றமாக்கியது. தலைமைக்குத் தெரியுமா என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. போதிய தடுப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தேன் என்று நிறுவனம்தான் நிரூபித்து விடுபட வேண்டும். இதே அச்சில் 2017-இல் வரி ஏய்ப்புக்குத் துணைபோவதும், 2023-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக மோசடியும் சேர்க்கப்பட்டன. பெரிய நிறுவனங்களுக்கான மோசடிப் பிரிவு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூத்த மேலாளர் ஒருவர் தம் அதிகாரத்துக்குள் செய்த பொருளாதாரக் குற்றம் நிறுவனத்தின் குற்றமே என்றும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. டெஸ்கோ தீர்ப்பு கட்டிய சுவர் அந்த அளவுக்கு இடிந்தது. நிறுவனங்கள் சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிக்கும் இணக்க அதிகாரிகளை நியமித்து, பயிற்சி நடத்தி, கையேடு அச்சடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும் என்று நீதிமன்றங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதே என் கவலை. தடுப்பு ஏற்பாட்டை அளக்கும்போது கையேட்டைப் பார்க்காமல், எச்சரித்த ஊழியருக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பதவி உயர்வா, பணிநீக்கமா என்பது உண்மையைச் சொல்லிவிடும்.

எச்சரித்தவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேடாஃபின் கணக்கு பொய் என்று ஹாரி மார்க்கபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினார். எட்டு ஆண்டுகள் யாரும் செவிசாய்க்கவில்லை. அதன் பிறகு 2010-இல் வந்த சட்டம், உள்ளிருந்து தகவல் தருவோருக்கு, வசூலாகும் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டினால் அதில் 10 முதல் 30 சதவீதம் வரை வெகுமதி தரச் செய்தது. பணத்துக்காகக் காட்டிக்கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வேலையையும் தொழில் வாழ்வையும் இழக்கும் ஒருவருக்கு அது ஈடு என்பதே என் எண்ணம்; ஆவணங்கள் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வழக்கில் வேறு வழியும் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மோசடி, சதி போன்ற குற்றங்களில் உண்மையிலேயே தெரியாதவரைத் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது. ஆனால் தெரியாமல் இருப்பதும் தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. சந்தேகம் எழுந்த பிறகும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவரை, அறிந்தவராகவே பல நாட்டு நீதிமன்றங்கள் கொள்கின்றன. மேலும், கணக்கறிக்கை சரியானது என்று தலைமை நிர்வாகியும் நிதித் தலைவரும் தம் பெயரில் சான்றளிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2002-இல் சட்டம் செய்தது. பொய்யென அறிந்தே மனமார அளித்த சான்றுக்கு 20 ஆண்டுகள் வரை சிறை உண்டு. கையெழுத்திட வேண்டியவர் கேட்டறிய வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார்.

உணவு, மருந்து போன்று பொதுமக்களின் உடல்நலத்தைத் தொடும் துறைகளில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு செய்த பார்க் வழக்கில், உணவுப் பொருள் கிடங்குகளில் எலிகள் இருந்ததற்காகப் பெருநிறுவனம் ஒன்றின் தலைவரே தண்டிக்கப்பட்டார். நம்பகமான கீழ் அதிகாரிகளிடம் ஒப்படைத்திருந்தேன் என்று அவர் சொன்னார். அது பொய்யும் அல்ல. ஆனால் ஒரு கிடங்கைப் பற்றி முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. தடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அதிகாரம் உள்ளவர் தடுக்கவில்லை என்பதே போதும் என்று நீதிமன்றம் கூறியது. அவருக்கு விதித்த அபராதம் மொத்தம் 250 டாலர். தொகை அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த நாட்டில் உணவும் மருந்தும் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரிடம் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று அரசு கேட்க வேண்டியதில்லை. அவரால் என்ன செய்ய முடிந்திருக்கும் என்று கேட்டால் போதும்.